பழைய விளம்பரப் பக்கத்தின் ஓரத்தில் நின்ற ராக்கெட்

நான் கட்டிய மாடல் ராக்கெட் ஒருவழியாகப் பறந்துவிட்டது. சி6-5 மோட்டாரில் (எழுத்து சக்தியின் அளவு, கடைசி எண் எரிந்து முடிந்தபின் பாராசூட்டைத் தள்ள எடுக்கும் நொடி) ஆட்டம் இல்லாமல் ஏறி, உச்சிக்குப் பக்கத்தில் பாராசூட்டை விரித்து, ஃபின் என்கிற வால் இறக்கைகளின் நுனிகளில் இருக்கும் மூன்று குழாய்களும் ஒட்டியது ஒட்டியபடியே தரைக்கு வந்து சேர்ந்தது. கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிய விஷயம். ஏன் என்பது பின்னால் வரும்.

இந்த ராக்கெட்டுக்கு வரைபடம் கிடையாது, பாகப் பட்டியல் கிடையாது, பெயர்கூடக் கிடையாது. என்னிடம் இருந்தது எழுபதுகளின் அமெரிக்க மாடல் ராக்கெட் கேட்டலாக் ஒன்றிலிருந்து பிரிந்து வந்த ஒற்றைத் தாள். பெயின்ட், பிரஷ், பசை விற்கும் பக்கம். அதன் ஓரத்தில் அலங்காரத்துக்காக ஒரு ராக்கெட்டை நிறுத்திப் படம் பிடித்திருக்கிறார்கள். கீழே தடித்த உடல், நடுவில் கூம்பாகக் குறுகி மேலே ஒல்லியான உடல், நீண்ட மூக்கு, பின்னோக்கிச் சாய்ந்த ஃபின்கள், ஃபின் நுனிகளில் சின்னச் சின்னக் குழாய்கள். கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்க வேண்டிய மேல் ஓரம் கிழிந்திருந்தது.

பெயர் தெரிந்த பழைய கிட் (பாகங்கள் அடங்கிய பெட்டி) என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. எஸ்டிஸ் கம்பெனியின் பிக் பெர்த்தாவை எடுத்துக்கொண்டால், நீளம் 24 அங்குலம், உடல் பிடி-60 குழாய் என்று கேட்டலாக்கிலேயே இருக்கும் (பிடி என்பது எஸ்டிஸ் உடல் குழாய்களின் குறியீடு, எண் கூடினால் தடிமன் கூடும்). அதிலிருந்து விகிதம் பிடித்து மிச்சத்தை வரைந்துவிடலாம். இங்கே அப்படி ஒரு எண்ணும் இல்லை. பெயின்ட் டப்பாவின் உயரத்தை அளவுகோலாக வைக்கலாமா என்று பார்த்தேன். டப்பா ராக்கெட்டுக்கு முன்னால், கேமராவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை நம்பினால் ராக்கெட் குள்ளமாகிவிடும்.

குழாய்தான் கைகொடுத்தது. அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கு 1954-இல் தொடங்கியது. நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் ஊரில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் செய்த மாடல்தான் முதல். அப்புறம் வெர்ன் எஸ்டிஸ் மோட்டார்களை வேகமாகச் செய்து தள்ளும் இயந்திரம் ஒன்றை உருவாக்கி, அதற்கு மேபல் என்று பெயர் வைத்தார். 1961-இல் கம்பெனி கொலராடோவின் பென்ரோஸுக்குக் குடிபோனது. அரிசோனாவின் ஃபீனிக்ஸில் செஞ்சுரி என்று போட்டிக் கம்பெனி. இரண்டு பேரும் ஒவ்வொரு கிட்டுக்கும் புதிதாகக் குழாய் செய்யவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சில விட்டங்களில் காகிதக் குழாய் சுற்றி, அவற்றையே மாற்றி மாற்றிப் போட்டுத்தான் கேட்டலாக்கை நிரப்பினார்கள். ஆக, படத்தில் தெரியும் இரண்டு குழாய்களின் விட்டத்தை ஒன்றையொன்றால் வகுத்தால், எந்தக் குழாய் என்பது மட்டும் இல்லை, யாருடைய குழாய் என்பதும் தெரிந்துவிடும்.

எஸ்டிஸ் குழாய்களின் வெளிவிட்டம் இப்படி: பிடி-5 என்றால் 13.7 மி.மீ., பிடி-20 என்றால் 18.7, பிடி-50 என்றால் 24.8, பிடி-55 என்றால் 33.7, பிடி-60 என்றால் 41.6. செஞ்சுரியில் எஸ்டி-16 கிட்டத்தட்ட பிடி-60 அளவுதான். ஆனால் அதைவிடச் சின்ன எஸ்டி-10 சுமார் 26.4 மி.மீ., பிடி-50-ஐ விடக் கொஞ்சம் தடி. தடித்த குழாயை ஒல்லியால் வகுத்தால் எஸ்டிஸின் பிடி-60, பிடி-50 ஜோடிக்கு 1.68 வரும், செஞ்சுரியின் எஸ்டி-16, எஸ்டி-10 ஜோடிக்கு 1.58. பிடி-55-ம் பிடி-20-ம் சேர்ந்தால் 1.80. மூன்றும் ஒன்றுக்கொன்று நன்றாகவே தள்ளி இருக்கின்றன.

தாளை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். அதற்குக் கீழே போனால் அச்சுப் புள்ளிகள் விளிம்பைத் தின்றுவிடுகின்றன. போதாக்குறைக்கு அந்தக் கால கேட்டலாக் படங்களில் ஏர்பிரஷ் வேலை உண்டு. விளிம்பைக் கூர்மையாகக் காட்ட யாரோ வெள்ளைப் பெயின்ட்டால் இழுத்துவிட்டிருப்பார்கள். அதனால் ஒரு இடத்தில் மட்டும் அளக்காமல், பக்கத்துப் பக்கத்து வரிகளில் அளந்து சராசரி எடுத்தேன். கூம்புக்குச் சற்றுக் கீழே தடித்த குழாய் 298 பிக்சல். கூம்புக்குச் சற்று மேலே ஒல்லிக் குழாய் 176. வகுத்தால் 1.69. இரண்டு இடத்துக்கும் நடுவே கூம்பின் உயரம் இருக்கிறது, மேலே போகப் போகக் கேமராவிலிருந்து தூரமும் கூடுகிறது. அதற்காக ஒரு சதவீதம் கழித்தால் 1.68-இல் வந்து நிற்கிறது. எஸ்டிஸ்தான். கீழே பிடி-60, மேலே பிடி-50.

இனி நீளம். இங்கேதான் படம் ஏமாற்றும். தடித்த குழாய் அடியில் 316 பிக்சல், கூம்புக்குக் கீழே 298. ஒரே குழாய்க்கு இரண்டு அகலம். கேமராவைத் தாழ்வாக வைத்து மேலே அண்ணாந்து எடுத்திருக்கிறார்கள், சின்ன ராக்கெட் பிரம்மாண்டமாகத் தெரியட்டும் என்று. அடியில் ஒரு மில்லிமீட்டருக்கு 7.60 பிக்சல், மேலே 7.16. சராசரி 7.38. குழாய் நீளம் படத்தில் 2030 பிக்சல், எனவே 275 மி.மீ. என்று கணக்கு வருகிறது. ஆனால் குழாய் கேமராவுக்குச் சாய்ந்து தெரிவதால் இது நிஜத்தைவிடக் குறைவுதான். எவ்வளவு குறைவு என்பதை உடலில் இருக்கும் கறுப்புப் பட்டை சொல்லிவிட்டது. நேரெதிரே பார்த்தால் பட்டையின் விளிம்பு நேர்கோடாகத் தெரிய வேண்டும். படத்தில் அது வில்லாக மேலே வளைந்திருந்தது. பாதி அகலம் 154 பிக்சல், வில்லின் உயரம் 32. வகுத்தால் 0.208, அதாவது சுமார் 12 டிகிரி சாய்வு. 12 டிகிரிக்குக் கொசைன் 0.978. 275-ஐ அதால் வகுத்தால் 281.

281 மி.மீ. என்பது ஒரு குழாய்க்கு வெட்டும் நீளமே இல்லை. அந்தக் காலத்தில் எல்லாம் அங்குலக் கணக்கு. 11 அங்குலம் என்றால் 279.4. அதையே வைத்துக்கொண்டேன். இப்படி ஒவ்வொரு பாகத்தையும் பக்கத்தில் இருக்கும் கால் அங்குலத்துக்குத் தள்ளினேன். மேல் உடல் 4 அங்குலம், கூம்பு 2 அங்குலம், மூக்கு 4.25 அங்குலம். மொத்தம் 21.25 அங்குலம், சுமார் 540 மி.மீ. மூக்கின் நுனி மட்டும் தாளின் மடிப்பில் மாட்டிக்கொண்டிருந்தது. அங்கே மை உதிர்ந்துபோய் வெள்ளைக் கோடுதான் மிச்சம். இரு பக்க வளைவையும் நீட்டி, அவை சேரும் இடத்தில் நுனி வைத்தேன்.

நுனிக் குழாய்களில் ஒன்று 112 பிக்சல், இன்னொன்று 106. அடி அகலத்தை இவற்றால் வகுத்தால் 2.82, 2.98. பிடி-5 என்றால் 3.03 வர வேண்டும். பிடி-20 என்றால் 2.22. பெரிதாகத் தெரிவது கேமராப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்தால் பிடி-5 கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஃபின் எத்தனை என்பதில் கொஞ்சம் இழுபறி. படத்தில் இரண்டுதான் தெரிகிறது. நான்கு என்றே எடுத்துக்கொண்டு ஒரு மாடல் வரைந்தேன், அந்தக் கால ராக்கெட்டுகளில் நான்கு ஃபின் சகஜம் என்பதால். ஓப்பன்ராக்கெட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. 2009-இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரு முதுகலை ஆய்வாகத் தொடங்கியது. 22.02 பதிப்பிலிருந்து இந்த மாதிரிப் பக்கக் குழாய்களையும் அதில் வைக்க முடிகிறது. அதன் முப்பரிமாணப் படத்தைத் திருப்பித் திருப்பி, ஸ்கேன் செய்த படத்தின் மேல் ஒளி ஊடுருவும்படி வைத்துப் பார்த்தேன். நான்கு ஃபின் வைத்து எப்படித் திருப்பினாலும் பின்னால் இருக்கும் குழாய்களில் ஒன்றாவது எட்டிப் பார்த்தது. சரியாக 45 டிகிரியில் திருப்பினால்தான் ஒளிந்துகொள்கிறது, ஆனால் அப்போது இடமும் வலமும் சமமாகத் தெரிய வேண்டும். படத்தில் இடது குழாய் உடலிலிருந்து நன்றாக விலகியும் வலது குழாய் நெருங்கியும் இருக்கிறது. மூன்று ஃபின் போட்டதும் வலதுபுற முன் ஃபினுக்குப் பின்னால் மூன்றாவது மறைந்துகொண்டது.

இதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. இடது ஃபின் கேமராவுக்குக் கிட்டத்தட்டப் பக்கவாட்டில் நிற்கிறது, 80 டிகிரி. அதன் உருவம் ஒன்றரை சதவீதம்தான் ஒடுங்கும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது வலது ஃபின்தான், ஆனால் அது மூன்றில் ஒரு பங்கு ஒடுங்கியிருக்கிறது. மங்கலான இடது ஃபினைத்தான் அட்டையில் வரைந்து வெட்டினேன். உடலோடு ஒட்டும் பக்கம் 89 மி.மீ., உடலிலிருந்து நுனிக் குழாய் வரை 57 மி.மீ.

சரி, வெட்டுவதற்கு வருவோம்.

குழாய்கள் கடையில் கிடைப்பதே, இன்றும் அதே விட்டம்தான். நீளத்துக்கு வெட்ட, குழாய்க்குள் நெருக்கமாக நுழையும் இணைப்புக் குழாயைத் தள்ளி, வெளியே ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி, அதன் விளிம்பில் புது பிளேடை லேசாக ஓட விட்டுக் குழாயைத்தான் சுற்ற வேண்டும். ஒரே அழுத்தில் வெட்ட நினைத்தால் வாய் பிசிறிவிடும். ஃபின் இடம் குறிக்கவும் காகிதப் பட்டைதான். பிடி-60-இன் சுற்றளவு 130.7 மி.மீ., மூன்றால் வகுத்தால் 43.6. நெடுக்குக் கோடு போடக் குழாயைக் கதவு நிலையின் மூலையில் சாய்த்துப் பென்சிலை இழுத்தால் போதும்.

கூம்பைக் காகிதத்தில் செய்தேன். பெரிய விட்டம் 41.6, சிறியது 24.8, உயரம் 51. விரித்தால் ஒரு விசிறித் துண்டு வரும். வெளி ஆரம் 128 மி.மீ., உள் ஆரம் 76.3, கோணம் 58.5 டிகிரி. ஒட்டுவதற்கு 5 மி.மீ. நாக்கு ஒன்றை விட வேண்டும். முதலில் வெட்டியது சாதாரண அச்சுத் தாளில். பெயின்ட் ஈரம் பட்டதும் சுருங்கி உள்ளே குழிந்தது. அப்புறம் கனமான அட்டைத் தாளில் வெட்டி, வளைப்பதற்கு முன் மேசை விளிம்பில் இழுத்துப் பழக்கி, ஒட்டியபின் உள்பக்கம் முழுக்க மெல்லிய சூப்பர் குளூவை ஊற விட்டேன். அட்டை பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிடும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை, கண்ணில் எரியும்.

எடையைக் கூம்பு தாங்காது. உள்ளே பிடி-50 குழாயைக் கூம்பு வழியாக நீட்டி, இரண்டு வளையங்களால் நடுவில் பிடித்து, பிடி-60-க்குள் நுழையும் இணைப்புக் குழாயோடு ஒட்டிவிட்டேன். எங்கே பிரிய வேண்டும் என்பதைப் படம் காட்டவில்லை. மூக்கு மட்டும் கழன்றால் பாராசூட்டை ஒல்லிக் குழாய்க்குள் திணிக்க வேண்டும், 24 மி.மீ. ஓட்டையில் 18 அங்குலப் பிளாஸ்டிக் பாராசூட் சிக்கிக்கொள்ள நல்ல வாய்ப்பு. கூம்போடு சேர்ந்து மேல் பாதி மொத்தமும் கழன்று வருகிற மாதிரி வைத்தேன். பாராசூட்டுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது.

மூக்குதான் நேரம் தின்றது. பிடி-50-க்கு 24.8 மி.மீ. விட்டம் வேண்டும். ஒரு அங்குலப் பால்சா கட்டை (மிக லேசான மரம்) 25.4 மி.மீ., பக்கத்துக்கு 0.3 மி.மீ.தான் மிச்சம். குச்சியை மையத்தில் துளி பிசகி அடித்தாலும் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். ஒன்றரை அங்குலக் கட்டையே நல்லது. 6 மி.மீ. வட்டக் குச்சியை அடியில் ஒட்டி, குச்சியை டிரில் மிஷினில் மாட்டி, மூலைகளைக் கத்தியால் சீவி எண்கோணமாக்கி, அப்புறம் சுழல விட்டு உப்புத்தாள். 80-ஆம் எண் தாளில் தொடங்கி 120, 220, 400. பால்சா மெத்தென்று இருப்பதால் 80-ஆம் எண் தாள் ஒரே நிமிஷத்தில் உருவத்தைக் கொண்டுவந்துவிடும், அதே வேகத்தில் கெடுத்தும்விடும். நார் ஓட்டம் கட்டையின் நீளவாக்கில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். குறுக்கு நார் கட்டையில் ஒரு பக்கம் வெல்வெட்டாகவும் மறு பக்கம் பஞ்சாகவும் தேயும். வளைவின் எதிர் உருவத்தை அட்டையில் வெட்டி வைத்து, அவ்வப்போது மிஷினை நிறுத்தி விளக்குக்கு எதிரே வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் கசியும் இடம் இன்னும் தேய வேண்டிய இடத்துக்கு நேர் மாறானது என்பதைக் கை பழக்கமாக்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. நுனிக் குழாய்களுக்கான மூன்று குட்டி மூக்குகளை முக்கால் அங்குலக் கட்டையில் அதே மாதிரி கடைந்தேன். மூன்றும் ஒன்றுபோல் வர, ஒரே கட்டையில் வரிசையாகக் கடைந்து கடைசியில் அறுத்துப் பிரித்தேன்.

ஃபின்கள் 3/32 அங்குலப் பால்சா பலகையில், அதாவது 2.4 மி.மீ. நார் ஓட்டம் ஃபினின் முன்விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும். மூன்றையும் ஊசி குத்தி ஒன்றாக அடுக்கித் தேய்த்தால் உருவம் ஒத்துப்போகும். ஒட்டியது மஞ்சள் மரப் பசையால். இரண்டு பக்கமும் பூசி, காய விட்டு, மறுபடி ஒரு மெல்லிய பூச்சுப் பூசி அழுத்தினால் சில நொடியில் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மூலையில் பசை விட்டு விரலால் வழித்தேன். மோட்டார் பிடிப்பானில் சொல்ல ஒன்றும் இல்லை. 18 மி.மீ. மோட்டாருக்கு பிடி-20 துண்டு, இரண்டு வளையம், ஒரு உலோகக் கொக்கி.

எடையும் சமநிலையும் படத்தில் வராது. சி6-5 மோட்டாரைப் போட்டு நிறுத்தபோது 92 கிராம். ஈர்ப்பு மையம் மூக்கு நுனியிலிருந்து 388 மி.மீ. அழுத்த மையம், அதாவது காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளி, 412 என்று ஓப்பன்ராக்கெட் காட்டியது. நாஸாவில் இருந்த ஜேம்ஸ் பாரோமன் அறுபதுகளில் மாடல் ராக்கெட்டுகளுக்காக எளிமைப்படுத்திய சமன்பாடுகள்தான் இந்தக் கணக்குக்கு அடிப்படை. ஈர்ப்பு மையம் அழுத்த மையத்துக்குக் குறைந்தது உடலின் ஒரு விட்டம் முன்னால் இருக்க வேண்டும், அதாவது 41.6 மி.மீ. இங்கே 24-தான். அப்படியே ஏற்றியிருந்தால் ஏவுகம்பியை விட்டதும் தடுமாறத் தொடங்கியிருக்கலாம்.

நுனிக் குழாய்கள் இரண்டு வேலை செய்கின்றன. பரப்பைக் கூட்டி அழுத்த மையத்தைப் பின்னுக்கு இழுப்பது நல்லது. எடையைக் கூட்டி ஈர்ப்பு மையத்தையும் பின்னுக்கு இழுப்பது கெட்டது. பால்சா மூக்கோ காற்று மாதிரி, நாலைந்து கிராம்தான். பால்சா மூக்கின் அடியில் திருகும் எடை வளையங்களை எஸ்டிஸ் தனியாகவே விற்றார்கள், இந்த மாதிரி டிசைன்களுக்காகத்தான். நான் களிமண்ணை வைத்தேன். மூக்கின் அடியில் குடைந்து 12 கிராம், மேலே பசையால் மூடி. எடை 104 ஆனது, ஈர்ப்பு மையம் 355-க்கு வந்தது. இடைவெளி 57 மி.மீ., 1.37 விட்டம்.

கணினி இல்லாத காலத்து முறையையும் ஒரு ஆசைக்குச் செய்து பார்த்தேன். ராக்கெட்டின் பக்கவாட்டு உருவத்தை அட்டையில் வெட்டி, கத்தி முனையில் சமநிலையாக நிற்கும் இடத்தைப் பிடித்தால் அதுவே அழுத்த மையம் என்று கொள்வது. அது பொதுவாகப் பாரோமன் கணக்கைவிட முன்னால்தான் காட்டும். அதை நம்பிச் செய்தால் மூக்கில் தேவைக்கு மேல் எடை ஏறும், ஆபத்து வராது. அந்தக் காலப் பையன்களின் ராக்கெட்டுகள் கனமாகவே பறந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். நூல் சோதனை எனக்கு அதைவிடப் பிடிக்கும். ஈர்ப்பு மையத்தில் நூலைக் கட்டி டேப் ஒட்டி, தலைக்கு மேலே சுழற்ற வேண்டும். மூக்கு முன்னே பார்த்தபடி சுற்றினால் சரி. சுற்றியது.

பட்டி பார்ப்பதும் பெயின்ட்டும் தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். மர இடுக்கு நிரப்பும் பட்டியைத் தண்ணீரில் தயிர்ப் பதத்துக்குக் கரைத்துப் பால்சாவிலும் குழாயின் சுருள் கோட்டிலும் பூசித் தேய்த்தேன். வெள்ளை பிரைமர் அடித்தபின் விட்டுப்போன நார்க்கோடுகள் எல்லாம் தெரியும், மறுபடி பட்டி. நிறத்தில்தான் சந்தேகம். படத்தில் ஃபின்கள் ஆரஞ்சு. தாளோ பழுத்து மஞ்சளாகியிருந்தது. ஸ்கேனில் பக்கத்தின் அச்சடிக்காத ஓரத்தை வெள்ளையாகும்வரை திருத்தினேன், ஆரஞ்சு சிவப்பாக மாறியது. சிவப்பே அடித்தேன்.

செலவு எல்லாம் சேர்த்து 60 டாலரை ஒட்டி வந்தது, மோட்டார் பாக்கெட்டையும் சேர்த்து. அதில் பெரிய பங்கு ஸ்ப்ரே பெயின்ட் டப்பாக்களுக்கு. குழாயும் பால்சாவும் 20 டாலரைத் தாண்டவில்லை. பணம் மிச்சம் பிடிக்க நினைப்பவர் கடையில் விற்கும் கிட் ஒன்றையே வாங்கலாம்.

முதல் ஏவல் பி6-4 மோட்டாரில். அமெரிக்கத் தேசிய ராக்கெட் கழகத்தின் பாதுகாப்பு விதிப்படி, டி வரையிலான மோட்டாருக்கு 15 அடி தள்ளி நின்று மின்சாரத்தால்தான் பற்றவைக்க வேண்டும். காற்று மணிக்கு 20 மைலுக்கு மேல் இருக்கக் கூடாது. பி மோட்டாருக்கு 200 அடி அகல மைதானம் போதும், சி என்றால் 400. பி-யில் ஏற்றினால் எங்கே விழுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம் என்பதுதான் காரணம். ஏற்றம் நேராக இருந்தது. ஆனால் இவ்வளவு எடையை பி மோட்டார் அதிகம் உயர்த்தவில்லை. உச்சிக்கு மூன்று நொடிக்குள் போய்விட்டது, நான்கு நொடித் தாமதம் முடிவதற்குள் மூக்கு கவிழ்ந்து கீழே வரத் தொடங்கியது. பாராசூட் விரிந்தபோது இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டிய நூல் ஒரு வெட்டு வெட்டியது. குழாய் வாய் கிழியவில்லை, அது அதிர்ஷ்டம்.

பாராசூட்டில் தொங்கும்போது கீழ்ப்பாதி ஃபின் பக்கம் கீழாக இறங்கும். தரையை முதலில் தொடுவது நுனிக் குழாய்தான், ஏனென்றால் ஃபின்கள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றன. ஒரு குழாய் பிய்த்துக்கொண்டு போனது. பசை விடவில்லை. ஃபினே குழாயிலிருந்து சுமார் 8 மி.மீ. உள்ளே முறிந்திருந்தது. கேட்டலாக்கில் அலங்காரமாக நிற்கும் ராக்கெட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது பறந்ததே இல்லையோ என்றுகூட நினைத்தேன்.

உடைந்த ஃபினை அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வெட்டினேன். இந்த முறை மூன்று ஃபினுக்கும் காகித மேல்தோல். புது ஃபினில் ஒட்டும் முன்பே இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மெல்லிய பசையோடு தாளை ஒட்டி, மெழுகுத்தாளுக்கு நடுவே வைத்துக் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு இரவு. ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக் காய விட்டால் அப்பளமாக வளைந்துவிடும். உடலில் ஏற்கெனவே இருந்த இரண்டுக்கும் பெயின்ட்டைத் தேய்த்து எடுத்துவிட்டு, பசைத் தாள் ஒட்டி, இடுக்கிகளால் பலகைத் துண்டு வைத்து இறுக்க வேண்டியிருந்தது. நுனிக் குழாய் சேரும் இடத்தில் மெல்லிய கெவ்லார் நூலைக் குழாயைச் சுற்றி ஃபின் மேல் 15 மி.மீ. வரை இறக்கிப் பசையில் புதைத்தேன். பெயின்ட் அடித்தபின் விரலால் தடவினால்தான் தெரியும்.

எடை 5 கிராம் ஏறியது, அதுவும் மிக மோசமான இடத்தில், வாலில். மொத்தம் 109. ஈர்ப்பு மையம் 360-ஐத் தாண்டிவிட்டது, இடைவெளி 1.24 விட்டம். பரவாயில்லை. சி6-5-க்குத் தயாரிப்பாளர் சொல்லும் உச்ச எடை 113 கிராம் என்பதால் மேற்கொண்டு ஏற்ற நான்கு கிராம்தான் மிச்சம். அதனால் மறுபடி பெயின்ட் அடிக்கும்போது ஃபின்களுக்கு ஒரே மெல்லிய பூச்சு, பளபளப்புப் பூச்சு கிடையாது.

சி6-5-இல் தாமதம் சரியாகப் பொருந்தியது. உச்சியில் கிட்டத்தட்ட நின்றுவிட்ட நிலையில் மேல்பாதி கழன்று பாராசூட் விரிந்தது. இறங்கும்போது ஒரு நுனிக் குழாய் தரையில் நேராகவே குத்தியது. மண் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். பாராசூட் நூல் இழுப்பில் கூம்பின் அடி விளிம்பு ஒரு இடத்தில் நசுங்கியிருக்கிறது. மேல்பாதி ஆடி வந்து உடலில் மோதியதால் இருக்கும். நூலின் நீளம் ராக்கெட்டின் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு வைத்திருந்தேன். மூன்று மடங்கு வைத்தால் இந்த மோதல் வராது, நூலின் எடை ஒரு கிராம்கூடக் கூடாது.

மறுபடி செய்தால் ஃபின்களைப் பால்சாவில் செய்ய மாட்டேன். 1.6 மி.மீ. பாஸ்வுட் பலகை கிட்டத்தட்டக் காகிதம் ஒட்டிய பால்சாவின் எடைதான், ஒட்டி உலர்த்தும் வேலை மிச்சம். மூக்குக்கு எடையைக் களிமண்ணாகப் புதைக்காமல், பழைய முறைப்படி திருகாணியில் கழற்றி மாட்டும் வளையமாக வைப்பேன். பி மோட்டாருக்கும் சி மோட்டாருக்கும் எடை வேறு, அதற்கேற்ப எடுத்துவிடலாம். மூன்றாவதாக, அளவு எடுக்கும் வரிசையை மாற்றுவேன். குழாய் விகிதம், சாய்வு, அப்புறம் முப்பரிமாண மாடலைப் படத்தின் மேல் வைத்துப் பார்ப்பது. அதுவரை கத்தியைத் தொட வேண்டியதில்லை. கட்டி முடித்த ராக்கெட்டை அதே 12 டிகிரியில், ஒரு மீட்டர் தள்ளிக் கேமரா வைத்து எடுத்துப் பழைய படத்தின் மேல் போட்டுப் பார்த்தேன். உடலும் ஃபினும் அச்சாகப் பொருந்தின. மூக்கின் நுனி மட்டும் என் ராக்கெட்டில் குட்டையாக இருக்கிறது, கிட்டத்தட்ட 6 மி.மீ. மடிப்பில் மறைந்த இடம்தான். 4.25 இல்லை, 4.5 அங்குலம் என்று வைத்திருக்க வேண்டும். ஒன்றரை அங்குலக் கட்டையில் மிச்சத் துண்டு இருக்கிறது, தனியாக இன்னொன்று கடைந்து மாட்டிக்கொள்ளலாம்.